மாணவர் கருத்துக்கணிப்பு: சடங்காகப் படிவம் நிரப்புவதை நிறுத்திவிட்டுக் கல்லூரியைத் திருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

செமஸ்டர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது சர்குலர் வரும். "அனைத்து மாணவர்களும் இன்று மாலை 4 மணிக்குள் ஃபீட்பேக் படிவத்தை நிரப்ப வேண்டும். நிரப்பாதவர்களுக்கு ஹால் டிக்கெட் இல்லை." கம்ப்யூட்டர் லேப் வாசலில் வரிசை நிற்கும். ஆறு பாடம், பாடத்துக்கு இருபது கேள்வி என்று 120 வட்டங்களையும் மூன்றே நிமிடத்தில் 'மிக நன்று' என்று தட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். பின்னால் துறைத்தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார். மறுநாள் வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் தயாராகிவிடும். அதை ஃபைலில் கோத்துவிட்டால் அடுத்த செமஸ்டர் வரை யாரும் தொட மாட்டார்கள்.

அப்படிக் கோத்தவர்களில் நானும் ஒருவன். ஒரு கலை அறிவியல் கல்லூரியில் ஐக்யூஏசி என்று எல்லோரும் சொல்லும் உள்தர உறுதிக் குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். ஒருமுறை 'நூலக வசதி எப்படி?' என்ற கேள்விக்கு நல்ல மதிப்பெண் வந்திருந்தது. எங்களுக்கும் சந்தோஷம். கடைசியில் 'வேறு ஏதேனும் கருத்து' என்ற பெட்டியில் இரண்டாம் ஷிஃப்ட் பையன் ஒருவன் எழுதியிருந்ததை ஏதோ வேலையாகப் புரட்டும்போதுதான் பார்த்தேன்: "சார், லைப்ரரி நல்லா இருக்காம். நாங்க போறப்ப பூட்டியிருக்கு."

எங்கள் இரண்டாம் ஷிஃப்ட் மதியம் ஒன்றரைக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடியும். நூலகம் ஐந்து மணிக்கு மூடும். பல ஆண்டுகளாக இதே நேரம்தான். எத்தனையோ படிவம் வாங்கியும் இது எங்கள் கண்ணில் படவில்லை. மாணவர்கள் சொல்லாமல் இல்லை, நாங்கள் கேட்ட விதத்தில் அது வெளியே வர வழியில்லை. அன்றிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன். ஐக்யூஏசி பொறுப்பில் இருப்பவர்கள், துறையில் ஃபீட்பேக் வேலை தலையில் விழுந்த இளம் ஆசிரியர்கள், ஏன் மாணவர் பிரதிநிதிகளும்கூட இதைப் பயன்படுத்தலாம்.

முதலில், இந்தப் படிவம் யாருக்காக?

இந்தியாவில் பல கல்லூரிகள் கருத்துக்கணிப்பு நடத்தக் காரணம் நாக். 1994-ல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தொடங்கிய, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அமைப்பு. 2017-ல் வந்த அதன் திருத்தப்பட்ட மதிப்பீட்டு முறையில் மாணவர் திருப்திக் கணிப்பு ஒரு தனி அளவுகோலாகச் சேர்ந்தது. அந்த முறைப்படி கல்லூரி தன் மாணவர்களின் மின்னஞ்சல் பட்டியலைக் கொடுக்க வேண்டும். கேள்வித்தாள் நேராக மாணவருக்குப் போகும். இருபது தேர்வுக் கேள்வி, இருபத்தொன்றாவதாக 'கற்றல் கற்பித்தலை மேம்படுத்த மூன்று யோசனைகள் சொல்லுங்கள்' என்று எழுதச் சொல்லும் ஒரு கேள்வி. கல்லூரியானால் மாணவரில் 10 சதவீதம் அல்லது 100 பேர், பல்கலைக்கழகமானால் 10 சதவீதம் அல்லது 500 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேராவது பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த அளவுகோலே கணக்கில் வராது.

இது தவிர, கல்லூரி தானாகவே மாணவர், ஆசிரியர், முன்னாள் மாணவர், வேலை கொடுப்போர் ஆகியோரிடம் பாடத்திட்டம் பற்றிக் கருத்து வாங்குகிறதா என்றும் நாக் பார்க்கும். அதற்கான மதிப்பெண் ஏணிப்படி மாதிரி. கருத்தை வாங்கினால் ஒரு படி, அலசினால் இன்னொரு படி, நடவடிக்கை எடுத்தால் மேலே, இணையதளத்தில் போட்டால் அதற்கும் மேலே. யோசித்துப் பார்த்தால் நல்ல ஏணிதான். ஆனால் நடைமுறையில் பலர் மேல்படிக்கான காகிதத்தை முதலில் தயார் செய்துவிட்டு, அதற்கேற்ற படிவத்தை அப்புறம் தேடுவார்கள். நாக் வருவதற்கு மூன்று மாதம் முன் ஐந்து ஆண்டு 'ஆக்‌ஷன் டேக்கன் ரிப்போர்ட்' (எடுத்த நடவடிக்கைகளின் அறிக்கை) ஒரே இரவில் பிறந்த கதை நம் ஊர்ப் பேராசிரியர்கள் யாரைக் கேட்டாலும் கிடைக்கும்.

ஆகவே முதல் வேலை, இரண்டையும் மனத்தளவில் பிரித்துக்கொள்வது. நாக்குக்கான கணக்கு வேறு, நம் கல்லூரியைத் திருத்துவதற்கான கேள்வி வேறு. இரண்டாவதை ஒழுங்காகச் செய்தால் முதலாவது தானாக நிறையும். தலைகீழாக ஒருபோதும் நடக்காது.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இந்த வாக்கியத்தை முடித்துப் பாருங்கள்: 'இந்தக் கணிப்பின் முடிவு வந்ததும் ____ என்பதை நாங்கள் மாற்றத் தயார்.' கோடிட்ட இடத்தில் எழுத எதுவும் இல்லையென்றால் கணிப்பே வேண்டாம், மாணவர் நேரமாவது மிச்சமாகும். லேப் நேரம், இன்டர்னல் தேர்வு அட்டவணை, நூலக நேரம், விடைத்தாள் திருப்பித் தரும் நாள், கேன்டீன் ஒப்பந்தம் எல்லாம் கல்லூரியின் கையில் இருப்பவை. இணைப்புக் கல்லூரிக்குப் பாடத்திட்டம் பெரும்பாலும் கையில் இல்லை, அது பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவிடம் இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிக்கு இருக்கிறது. மாற்ற முடியாததைக் கேட்டால், கேட்ட மறுநிமிடமே மாணவருக்கு ஓர் எதிர்பார்ப்பு முளைத்துவிடும். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி எழுதுவது

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். யாரும் செலவிடாத இடமும் இதுதான். பெரும்பாலும் பக்கத்துக் கல்லூரிப் படிவத்தைத் தரவிறக்கிப் பெயரை மட்டும் மாற்றிவிடுகிறோம்.

எங்கள் பழைய படிவத்தில் ஒரு கேள்வி: 'ஆசிரியர் போதிய முன்தயாரிப்புடன் வந்து தெளிவாகப் பாடம் நடத்துகிறார்.' இது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. நன்றாகத் தயாரித்து வந்தும் குரல் கடைசி பெஞ்சை எட்டாத ஆசிரியர் உண்டு. குறிப்பே இல்லாமல் வந்து அருமையாக நடத்துபவரும் உண்டு. 3 என்று பதில் வந்தால் எதைத் திருத்துவது? ஒரு கேள்வியில் 'மற்றும்', 'உடன்' என்று வந்தாலே சந்தேகப்படுங்கள். அநேகமாக அதை உடைக்க வேண்டியிருக்கும்.

அடுத்த கோளாறு 'ஒப்புக்கொள்கிறேன் – மறுக்கிறேன்' வகை. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டால், மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத பிள்ளைகள் ஒப்புக்கொண்டுவிடுவார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்களிடம் இது இன்னும் அதிகம், ஆசிரியரை மறுப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் அவர்கள். பிரிட்டனில் 2005 முதல் இறுதியாண்டு மாணவர்களிடம் நடக்கும் தேசிய மாணவர் கணிப்பும் நீண்ட காலம் இந்த 'ஒப்புக்கொள்கிறேன்' முறையில்தான் இருந்தது. 2023-ல் அதை விட்டுவிட்டு நேரடிக் கேள்விக்கு மாறினார்கள். 'எந்தளவுக்கு', 'எத்தனை முறை' என்று கேட்டு, நடுவில் நழுவ இடம் தராத நான்கு விடைகள். நமக்கும் அதுவே நல்லது.

கருத்தைக் கேட்பதைவிட நடந்ததைக் கேட்பது மேல். 'இன்டர்னல் மதிப்பீடு நியாயமாக இருந்ததா?' என்பதோடு இதையும் கேளுங்கள்: 'முதல் இன்டர்னல் விடைத்தாள் எப்போது உங்கள் கைக்கு வந்தது? ஒரு வாரத்தில், இரண்டு வாரத்தில், அதற்குப் பிறகு, இன்னும் வரவில்லை.' நியாயமா என்பதற்கு வரும் பதிலை வைத்து விவாதம்தான் நடத்த முடியும். 'இன்னும் வரவில்லை' என்று பாதிப்பேர் சொன்னால் மறுநாளே தீர்க்க முடியும். நாக்கின் முதல் கேள்வியும் இந்த வகைதான்: பாடத்திட்டத்தில் எவ்வளவு வகுப்பில் நடத்தப்பட்டது என்று சதவீதமாகக் கேட்கிறது.

அந்தக் கேள்வியைத் தமிழில் போட்டபோது ஒரு பாடம் கிடைத்தது. 'பாடத்திட்டத்தில் எத்தனை சதவீதம் முடிக்கப்பட்டது?' என்று எழுதியிருந்தோம். அனுப்புவதற்கு முன் முதலாமாண்டு மாணவி ஒருவரை உட்கார வைத்து, கேள்வியைச் சத்தமாகப் படித்து, மனதில் என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லச் சொன்னேன்.

"பாடத்திட்டம்னா டைம் டேபிளா சார்?"

"இல்லம்மா, சிலபஸ்."

"ஓ, போர்ஷன் முடிச்சாங்களான்னு கேக்குறீங்களா? அப்படியே கேக்கலாமே சார்."

அப்படியே கேட்டோம்: 'போர்ஷன் எவ்வளவு முடிந்தது? ஐந்து யூனிட்டும், நான்கு, மூன்று, அதற்கும் குறைவு.' சதவீதத்தைவிட யூனிட் கணக்கு மாணவருக்கு நன்றாகத் தெரியும், நோட்டைப் புரட்டினாலே போதும். 'திருப்தி' என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். நம் ஊரில் பந்தியில் பரிமாறுபவர் 'திருப்தியா?' என்று கேட்டால் யாராவது இல்லை என்பார்களா? அது மரியாதைக்குச் சொல்லும் பதில், மதிப்பீடு ஆகாது.

இப்படி நான்கைந்து மாணவர்களை உட்கார வைத்துப் படிக்கச் சொல்வதற்கு அரை மணி நேரம்தான் ஆகும். ஒரு தமிழ்வழி மாணவர், ஒரு ஆங்கிலவழி மாணவர், ஒரு அரியர் வைத்திருப்பவர், ஒரு ஹாஸ்டல்வாசி என்று கலந்து எடுங்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவரை மட்டும் கூப்பிட்டால் கேள்வியில் குறையே தெரியாது. படிவத்தை இரு மொழியிலும் கொடுங்கள். எழுதும் பதிலைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ, ஆங்கில எழுத்தில் தமிழாகவோ எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்று படிவத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி வந்த பிறகுதான் எங்களுக்கு இரண்டு சொல்லுக்கு மேல் பதில்கள் வர ஆரம்பித்தன.

எத்தனை கேள்வி? ஒரு பாடத்துக்கு எட்டைத் தாண்டாதீர்கள். அதற்கு மேல் போனால் விரல்தான் பதில் சொல்லும்.

எப்போது கேட்பது

செமஸ்டர் கடைசியில் கேட்டால் பதில் சொல்பவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அவர் சொல்வது ஜூனியருக்குத்தான் உதவும். அதனால் அலட்சியம். ஐந்தாவது ஆறாவது வாரத்தில், முதல் இன்டர்னல் முடிந்த கையோடு, ஒரு சின்னக் கணிப்பு நடத்துங்கள். மூன்றே கேள்வி: இந்த வகுப்பில் எது உதவுகிறது, எது இடைஞ்சல், எதை மாற்றினால் நன்றாக இருக்கும். கட்டுரைத் தாளில் கால் பக்கம் போதும். இதன் முடிவு ஆசிரியருக்கு மட்டும் போக வேண்டும், முதல்வருக்கோ ஐக்யூஏசிக்கோ போகக் கூடாது. அந்த வாக்குறுதி இருந்தால்தான் ஆசிரியரும் பயமில்லாமல் கேட்பார்.

இன்னொரு முறையும் உண்டு, அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பல இடங்களுக்குப் பரவியது. வேறு துறை ஆசிரியர் ஒருவர் வகுப்புக்கு வருவார், பாடம் எடுப்பவர் வெளியே போய்விடுவார். மாணவர் சிறுசிறு குழுவாகப் பேசி, எல்லோரும் ஒத்துக்கொள்ளும் கருத்துகளை மட்டும் சொல்வார்கள். வந்தவர் அதைத் தொகுத்து வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசுவார். இருபது இருபத்தைந்து நிமிடம்தான் ஆகும். ஒருவருடைய தனிக் கோபம் இதில் தானாகக் கரைந்துவிடும், குழுவில் நான்கு பேர் "அது உனக்கு மட்டும்டா" என்று சொல்லிவிடுவார்கள். எண்களைவிட எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

செமஸ்டர் இறுதிக் கணிப்பு அதற்குப் பிறகு வரட்டும். இன்டர்னல் மதிப்பெண் பதிவேற்றிய பிறகே ஆசிரியர் கைக்கு முடிவு போகும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். 25 மதிப்பெண் ஒருவர் கையில் இருக்கும்போது அவரைப் பற்றி உண்மை எழுது என்றால் எழுதுவதற்கு யாருக்கும் பைத்தியம் இல்லை.

பெயர் தெரியாது என்பதை நம்ப வைப்பது

கூகுள் ஃபார்மில் மின்னஞ்சலைச் சேகரிக்காமல் விட முடியும். ஆனால் உள்ளே நுழைய லாகின் கேட்டதுமே மாணவர் 'மாட்டிக்கிட்டோம்' என்று முடிவு செய்துவிடுவார். தொழில்நுட்பம் சரியாக இருந்தால் போதாது, நம்புகிற மாதிரியும் இருக்க வேண்டும். ரோல் நம்பர் கேட்காதீர்கள். துறை, ஆண்டு, ஷிஃப்ட், பயிற்றுமொழி இவை போதும். ஆனால் இதிலும் கவனம் வேண்டும்: முதுகலையில் எட்டுப் பேர் இருக்கும் வகுப்பில் பாலினம், பயிற்றுமொழி இரண்டையும் கேட்டால் அது ரோல் நம்பரைக் கேட்டது மாதிரிதான். பத்துப் பேருக்குக் குறைவான பதில் உள்ள பிரிவைத் தனியாகக் காட்டாதீர்கள், பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுங்கள். கையெழுத்துப் படிவமானால் ஆசிரியர் கண்ணில் அசல் தாள் படவே கூடாது. மூன்று ஆண்டு ரெக்கார்டு நோட்டு திருத்தியவருக்குக் கையெழுத்து தெரியாமலா இருக்கும்?

நிரப்பும்போது பாட ஆசிரியர், துறைத்தலைவர் இருவரும் அறையில் இருக்கக் கூடாது.

எத்தனை பேர் நிரப்பினார்கள் என்பதும் முக்கியம்தான், அதற்காக ஹால் டிக்கெட்டைக் காட்டி மிரட்டுவது எதிர்விளைவைத்தான் தரும். வகுப்பு நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கிச் செல்பேசியில் நிரப்பச் சொன்னால் பெரும்பாலோர் நிரப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போய் நிரப்பு என்று வாட்ஸ்அப்பில் லிங்க் போட்டால் போச்சு. பிரிட்டன் கணிப்பில் ஒரு பாடப்பிரிவில் பாதிப்பேராவது, குறைந்தது பத்துப் பேராவது பதில் சொன்னால்தான் முடிவை வெளியிடுவார்கள். 2017-ல் அந்தக் கணிப்பைக் கல்விக் கட்டண உயர்வோடு அரசு முடிச்சுப் போடுகிறது என்று சொல்லி மாணவர் சங்கம் புறக்கணிப்புக்கு அழைத்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உட்படச் சில பல்கலைக்கழகங்களின் முடிவே வெளியாகவில்லை. மாணவருக்குத் தெரிந்துவிட்டது, பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தான் என்று.

எண்களைப் படிப்பது

சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ஒரு வகுப்பில் எல்லோரும் 3 கொடுத்தாலும் சராசரி 3. பாதிப்பேர் 5, பாதிப்பேர் 1 கொடுத்தாலும் அதே 3. முதல் வகுப்பில் சுமாரான பாடம் நடக்கிறது. இரண்டாவதில் யாரோ பாதிப்பேருக்கு மட்டும் பாடம் போய்ச் சேர்கிறது, அநேகமாக ஆங்கிலம் புரிகிற பாதி. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றாகுமா? ஒவ்வொரு விடைக்கும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைப் பட்டியலாகப் போடுங்கள். அதைப் பார்த்தாலே விஷயம் தெரியும்.

நூலகக் கதைக்கு வருகிறேன். புரிவதற்காக எண்களை நானே வைத்துச் சொல்கிறேன். முதல் ஷிஃப்டில் 600 பேர் 4.4 கொடுக்கிறார்கள், இரண்டாம் ஷிஃப்டில் 300 பேர் 2.6 கொடுக்கிறார்கள். மொத்தச் சராசரி 3.8. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 3.8 என்று யாருமே நினைக்கவில்லை, அது எங்கள் எக்ஸெல் மட்டும் நினைத்தது. ஷிஃப்ட், ஆண்டு, ஹாஸ்டல் – வீடு, தமிழ்வழி – ஆங்கிலவழி என்று பிரித்துப் பார்க்காத முடிவு பாதிக் கதைதான். நாங்கள் பல ஆண்டு படிவம் வாங்கினோம், ஷிஃப்டை ஒரு கேள்வியாகக்கூட வைக்கவில்லை.

தசமத்தைப் பார்த்துச் சண்டை போடாதீர்கள். பதினான்கு பேர் வகுப்பில் பதின்மூன்று பேர் 4 கொடுத்து, ஒரே ஒருவர் 1 கொடுத்தால் சராசரி 3.79 ஆகிவிடும். அந்த ஒருவருக்கு அன்று காலையில் அட்டென்டன்ஸ் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இதை வைத்து '4-க்குக் கீழ் வாங்கிய ஆசிரியர்கள்' என்று பட்டியல் போடும் நிர்வாகங்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று செமஸ்டர் தொடர்ந்து ஒரே கேள்வியில் ஒரே குறை வருகிறதா என்று பார்ப்பதுதான் சரி.

எல்லாவற்றுக்கும் ஒரே வட்டத்தைத் தட்டிய படிவங்களைத் தனியே எண்ணுங்கள். நீக்க வேண்டாம், எண்ணினால் போதும். அது மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால் குறை மாணவரிடம் இல்லை, உங்கள் படிவம் நீளம்.

எழுதிய பதில்களை ஒருவர் அல்ல, இருவர் படியுங்கள். ஒரு தாளில் தலைப்பு எழுதிக் கோடு போட்டு எண்ணுவதே போதும், மென்பொருள் எதுவும் வேண்டாம். எங்களுக்கு வந்தவற்றில் பெரும்பகுதி பாடத்தைப் பற்றியதே இல்லை. கழிவறையில் தண்ணீர், குடிநீர், பஸ் நேரம், மின்விசிறி. இதைப் படித்துவிட்டு 'கல்வித் தரம் பற்றிக் கேட்டால் ஃபேன் பற்றி எழுதுகிறார்கள்' என்று சலித்துக்கொண்டவர் உண்டு. ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே கால்குலஸ் நடத்திப் பார்த்தால் ஃபேனும் கல்வித் தரம்தான் என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. சில பதில்கள் கருத்தாக இராது, புகாராக இருக்கும். பாலியல் தொந்தரவு, ராகிங், சாதி சொல்லித் திட்டுவது. இவற்றைத் தலைப்பு போட்டு எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. பாலியல் தொந்தரவுக்கு உள் புகார்க் குழு, ராகிங்குக்குத் தடுப்புக் குழு, மற்றவற்றுக்கு மாணவர் குறைதீர்ப்புக் குழு என்று சட்டமும் யுஜிசி விதிகளும் வழி வைத்திருக்கின்றன. படிவத்தின் மேலேயே இந்தக் குழுக்களின் தொடர்பு விவரத்தைப் போட்டு, 'புகாருக்கு இங்கே வாருங்கள், பெயர் இல்லாத படிவத்தில் எழுதினால் எங்களால் உங்களைத் தொடர்புகொள்ள முடியாது' என்று எழுதிவிடுங்கள். அப்படியும் வந்தால் அன்றே உரிய குழுவிடம் கொடுங்கள்.

ஆசிரியரை அடிக்கும் கோலாக ஆக்காமல் இருப்பது

மாணவர் மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரின் பதவி உயர்வை முடிவு செய்யலாமா? கூடாது என்பது என் கட்சி. காரணம் ஆசிரியர் பாசம் மட்டும் இல்லை. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆன்லைன் பாடத்தில் ஆசிரியர்களின் பெயரை மாற்றிவைத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில், உண்மையில் யார் நடத்தினாலும் சரி, ஆண் என்று மாணவர் நினைத்தவருக்கே அதிக மதிப்பெண் விழுந்தது. ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் நடந்த, 2019-ல் வெளிவந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம்: தாங்களே கணக்குப் போட்டு விவாதித்துப் படித்த மாணவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள், ஆனால் நன்றாக விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகவே கற்றதாக நினைத்தார்கள். மூளைக்கு வேலை வைத்தால் சிரமமாக இருக்கிறது, சிரமத்தைக் குறை என்று நினைக்கிறோம். 2007-ல் வந்த ஓர் ஆய்வில் படிவம் நிரப்பும் முன் சாக்லேட் கொடுத்தே மதிப்பெண்ணை ஏற்றிக் காட்டினார்கள். நம் ஊரில் கடலை மிட்டாய்க்கும் அதே பலன் இருக்கும் என்று நினைக்கிறேன். கனடாவில் ரையர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018-ல் நடுவர் ஒருவர், மாணவர் கணிப்பைக் கொண்டு பதவி உயர்வுக்காகக் கற்பித்தல் திறனை அளக்கக் கூடாது என்றே தீர்ப்புச் சொன்னார்.

அதற்காக மாணவர் சொல்வதில் பொருளில்லை என்று ஆகாது. அவர்கள் எதற்குச் சாட்சி என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆசிரியர் நேரத்துக்கு வந்தாரா, கரும்பலகை தெரிந்ததா, விடைத்தாள் திரும்பி வந்ததா, சந்தேகம் கேட்டால் திட்டினாரா, இதற்கெல்லாம் மாணவரைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆசிரியருக்குப் பாடத்தில் ஆழம் எவ்வளவு, பாடநூல் தேர்வு சரியா, இவற்றை அதே துறையின் இன்னொரு ஆசிரியர்தான் சொல்ல முடியும்.

முடிவை ஆசிரியரிடம் சொல்லும்போது தனியாகச் சொல்லுங்கள். துறைக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினால், அடுத்த செமஸ்டரில் அவர் மாணவரிடம் "யார்றா என்னைப் பத்தி எழுதினது?" என்றுதான் கேட்பார். ஒரு நல்ல விஷயம், ஒரு திருத்த வேண்டிய விஷயம், அதற்கு என்ன உதவி வேண்டும் என்ற கேள்வி. மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மனதைப் புண்படுத்தும் கமென்ட்டுகளை வடிகட்டிவிட்டுக் கொடுப்பது ஐக்யூஏசியின் வேலை. பெண் ஆசிரியர்களின் புடவையைப் பற்றி எழுதியதையெல்லாம் அவர்கள் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

திரும்பிப் போய்ச் சொல்வது

பெரும்பாலான கல்லூரிகள் தவறவிடும் இடம். கருத்து வாங்கி, அலசி, மாற்றமும் செய்துவிட்டு, அதை மாணவருக்கு மட்டும் சொல்வதில்லை. இணையதளத்தில் 38 பக்கப் பிடிஎஃப் ஏற்றியது சொன்னதாகாது. அது நாக் குழுவுக்காகப் போட்டது, மாணவர் அந்தப் பக்கமே போக மாட்டார்.

பிரிட்டன் கணிப்பில் பல ஆண்டுகள் மதிப்பீடும் பின்னூட்டமும் பற்றிய கேள்விகளுக்குத்தான் மதிப்பெண் குறைவாக வந்துகொண்டிருந்தது. பல பல்கலைக்கழகங்கள் விடைத்தாளை இத்தனை நாளில் திருப்பித் தருவோம் என்று கெடு வைத்து அறிவித்தன. 'நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் செய்தோம்' என்று சுவரொட்டியும் ஒட்டின. கொஞ்சம் விளம்பர வாடைதான், ஆனாலும் உள்ளடக்கம் சரி.

நாங்கள் செய்தது இன்னும் எளிது. ஒரே ஒரு ஏ4 தாள், நோட்டீஸ் போர்டிலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும். மூன்று பகுதி: செய்துவிட்டோம், செய்யப்போகிறோம் (தேதியுடன்), செய்ய முடியாது (காரணத்துடன்). மூன்றாவது பகுதியைப் போட முதல்வர் தயங்கினார். "முடியாதுன்னு நாமளே எழுதிக் கொடுக்கணுமா?" என்றார். எழுதினோம். 'சிலபஸை மாற்ற வேண்டும் என்று பலர் சொன்னீர்கள். அது பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு முடிவு. உங்கள் கருத்தை நம் துறைத்தலைவர் மூலம் அனுப்பியிருக்கிறோம்.' போர்டுக்கு முன்னால் நின்று மாணவர்கள் அதிகம் படித்தது அந்தப் பகுதியைத்தான். இல்லை என்பதற்குக் காரணம் சொல்லி அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை போல.

முடிவு வந்து மூன்று வாரத்துக்குள் இந்தத் தாள் ஒட்டப்பட வேண்டும். தள்ளிப்போனால் கேட்டதே மறந்துவிடும். அடுத்த கணிப்புப் படிவத்தின் முதல் வரியிலும் போன தடவை மாறியதில் இரண்டைக் குறிப்பிடுங்கள்.

நூலகத்தை ஆறரை மணிவரை திறந்துவைக்க முடிவானது. உதவியாளர் ஒருவருக்கு வேலை நேரத்தை மாற்றியதோடு சரி, தனிச் செலவு ஒன்றுமில்லை. ஏ4 தாளில் 'செய்துவிட்டோம்' பகுதியில் முதல் வரியாக அதைப் போட்டோம். அடுத்த செமஸ்டர் படிவத்தில் ஷிஃப்ட் கேள்வி இருந்தது, இரண்டாம் ஷிஃப்ட் பதில்களைத் தனியாகப் பிரித்து எடுத்து எழுதிய கருத்துகளைப் படித்தேன். ஒன்று இப்படி இருந்தது: "லைப்ரரி ஆறரை வரைக்கும் திறந்திருக்கு சார், நன்றி. ஆறு மணிக்கு மேல லைட் போட மாட்டேங்குறாங்க."